இனிப்பு தீரும்வரை: டிரை சைடர் செய்வதும் விற்பதும்

அக்டோபர் மாதத்தில் இங்கிலாந்தின் ஹெரிஃபோர்ட்ஷயர், சோமர்செட் பக்கம் போனால், சாலையோரத் தோட்டங்களில் ஆப்பிள் புல்லின்மேல் கொட்டிக் கிடப்பதைப் பார்க்கலாம். யாரும் பொறுக்கித் தின்பதாகத் தெரியாது. ஏன் என்று அறிய ஒன்றை எடுத்துக் கடித்தால் போதும். முதலில் நல்ல இனிப்பு. அடுத்த நொடியே நாக்கைப் பிடித்து இழுக்கும் துவர்ப்பு. வாய் வறண்டு, பல்லில் மாவு ஒட்டினாற்போல் ஆகிவிடும். கச்சல் வாழைக்காயைப் பச்சையாகக் கடித்துப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல.

தின்ன உதவாத இந்தப் பழத்தைப் பிழிந்து, சாற்றை நொதிக்க வைத்தால் கிடைக்கும் மதுதான் சைடர். அமெரிக்காவில் இதே சொல்லைப் புளிக்காத, கலங்கலான ஆப்பிள் சாற்றுக்கும் வழங்குகிறார்கள். இங்கே பேசப்போவது இங்கிலாந்துச் சைடரைப் பற்றி மட்டும். ‘டிரை’ என்பதை உலர்ந்தது என்று புரிந்துகொள்ள வேண்டாம். சாற்றில் இருந்த சர்க்கரை முழுவதையும் ஈஸ்ட் தின்று தீர்த்துவிட்டது, இனிப்பு மிச்சமில்லை என்பதுதான் பொருள்.

புதிதாகக் கேட்பவர்கள் பெரும்பாலும் தலைகீழாகப் புரிந்துகொள்ளும் இடம் ஒன்று உண்டு. இனிப்புச் சைடர்தான் இயல்பானது, அதிலிருந்து எதையோ நீக்கி டிரை சைடர் செய்கிறார்கள் என்று நினைக்கிறார்கள். நடப்பது நேர்மாறு. சாற்றை அதன் போக்கில் விட்டால் அது இனிப்பற்ற நிலைக்குத்தான் போய்ச் சேரும். இனிப்பைத் தக்கவைக்கத்தான் வடிகட்டியும் சூடாக்கும் கருவியும் வேண்டும். ஆகவே ஒரு சிறு தோட்டக்காரர் டிரை சைடர் மட்டும் செய்கிறார் என்றால், அதை ரசனையின் மேட்டிமை என்று எண்ணிவிடக் கூடாது. கொட்டகையும் பீப்பாயும் மட்டும் கையில் இருப்பவருக்கு இயல்பாக வாய்ப்பது அதுதான். செய்வதில் உள்ள இந்த எளிமைக்கான விலையை அவர் விற்கும்போது கொடுக்கிறார்.

நான்கு வகைப் பழம்

பிரிஸ்டல் நகருக்கு அருகே லாங் ஆஷ்டன் என்ற ஊரில் 1903இல் பழத்துக்கும் சைடருக்கும் என்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார்கள். (மலேசியா, சிங்கப்பூர் தமிழ் வீடுகளில் பழகிப்போன ரிபீனா பானமும் பின்னாளில் இந்த நிலையத்து ஆராய்ச்சியில் பிறந்ததுதான்.) அங்கே பார்க்கர் என்ற ஆய்வாளர் சைடர் ஆப்பிள்களை இரண்டே அளவுகோல்களால் பிரித்தார். சாற்றில் அமிலம் 0.45 விழுக்காட்டுக்கு மேலா, கீழா? துவர்ப்பைத் தரும் டானின் என்ற பொருள் 0.2 விழுக்காட்டுக்கு மேலா, கீழா? இரண்டும் குறைவென்றால் இனிப்பு வகை. அமிலம் மட்டும் கூடுதலென்றால் புளிப்பு வகை. டானின் மட்டும் கூடுதலென்றால் துவர்ப்பினிப்பு. இரண்டுமே கூடுதலென்றால் துவர்ப்புப்புளிப்பு. இன்றும் தோட்டக்காரர்கள் இந்தக் கணக்கில்தான் பேசிக்கொள்கிறார்கள்.

ஆங்கிலத்தில் மூன்றாவது வகையை ‘பிட்டர்ஸ்வீட்’ என்கிறார்கள், அதாவது கசப்பினிப்பு. கசப்பும் கொஞ்சம் இருக்கும்தான். ஆனால் வாயைச் சுருக்குவது துவர்ப்பு. அறுசுவையில் அதற்குத் தனி இடம் கொடுத்துப் பழகிய நமக்கு இந்த மதுவைப் புரிந்துகொள்வது அவர்களைவிட எளிது என்றே எனக்குத் தோன்றுகிறது. இனிப்பு முழுதும் போன பிறகு ஒரு பானத்தில் என்னதான் இருக்கும் என்று கேட்பவருக்கு விடை, இந்தத் துவர்ப்பும் புளிப்பும்தான். கடையில் விற்கும் தின்பழ ஆப்பிளை மட்டும் பிழிந்து டிரை சைடர் செய்தால் அது புளித்த தண்ணீர்போல் மெலிந்து கிடக்கும். டானின்தான் அதற்குச் சதைப்பற்றைக் கொடுக்கிறது.

சோமர்செட்டின் டாபினெட், யார்லிங்டன் மில் இரண்டும் துவர்ப்பினிப்பு. கிங்ஸ்டன் பிளாக் துவர்ப்புப்புளிப்பு. அமிலமும் டானினும் அதிலேயே சமமாக அமைந்திருப்பதால், வேறு எதையும் கலக்காமல் அந்த ஒரு பழத்தை வைத்தே நல்ல சைடர் செய்யலாம் என்று பெயர் வாங்கியது. மரம் வளர்ப்பவர்களுக்கோ அது பெரும் தொல்லை. நோய் எளிதில் தொற்றும், காய்ப்பும் சுமார். மற்றபடி பெரும்பாலோர் பல வகைகளைக் கலந்துதான் செய்கிறார்கள். ஆப்பிள் விதையை ஊன்றினால் தாய்மரத்தின் பழம் கிடைக்காது. நம் ஒட்டுமாமரம்போல எல்லாமே ஒட்டுக்கட்டிய மரங்கள். இன்னொரு சிக்கல், இவற்றில் பல ஓராண்டு கொத்துக்கொத்தாகக் காய்த்து மறு ஆண்டு ஏமாற்றும். விற்பனைத் திட்டம் போடுபவர் இதை முதலிலேயே கணக்கில் எழுதிக்கொள்ள வேண்டும்.

பழத்திலிருந்து பீப்பாய் வரை

பழம் தானாக உதிரும். உதிராததை, நுனியில் கொக்கி வைத்த நீண்ட கழியால் கிளையை உலுக்கி விழச்செய்வார்கள். நம் துரட்டியேதான். புல்லை மேயும் ஆடுகளை அறுவடைக்குப் பல வாரங்களுக்கு முன்பே தோட்டத்திலிருந்து வெளியேற்றிவிட வேண்டும்; காரணத்தைச் சொல்லத் தேவையில்லை. பொறுக்கிய பழத்தை உடனே அரைப்பதில்லை. குவித்து வைத்துக் கனியவிடுவார்கள். கட்டைவிரலால் அழுத்தினால் சதைக்குள் இறங்க வேண்டும், அதுதான் பதம். அந்தக் காத்திருப்பில் மாவுச்சத்து சர்க்கரையாகிறது. பிறகு கழுவி, அழுகலைப் பொறுக்கி எறிந்துவிட்டு அரைக்கிறார்கள். அடிபட்ட பழம் பரவாயில்லை, பூஞ்சணம் பிடித்ததுதான் ஆகாது.

பழைய பண்ணைகளில் வட்டமான கல்தொட்டியும் அதில் குதிரை சுற்றிவந்து உருட்டும் கல்சக்கரமும் இருந்தன. செக்கைப் பார்த்தவருக்கு விளக்கம் வேண்டாம். இன்று சிறு மின்பொறி ஒன்று பழத்தைத் துருவித் தள்ளிவிடுகிறது. அரைத்த கூழைத் துணியில் பரப்பி, மூலைகளை மடித்து, மேலே மரச்சட்டம் வைத்து, அதன்மேல் அடுத்த துணி என்று அடுக்குகிறார்கள். பத்துப் பன்னிரண்டு அடுக்கு சேர்ந்த அந்தக் கட்டுக்குச் ‘சீஸ்’ என்று பெயர். பாலாடைக்கட்டிக்கும் அதற்கும் எந்த உறவும் இல்லை. மேலிருந்து அழுத்தினால் நாலாபுறமும் சாறு வழியும். ஒரு டன் பழத்துக்கு 600 முதல் 700 லிட்டர்வரை எதிர்பார்க்கலாம். சக்கை மாட்டுக்கு.

பாத்திரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஆப்பிள் சாறு அமிலம், அமிலம் உலோகத்தை அரிக்கும். இரும்பு பட்டால் டானினோடு சேர்ந்து சைடர் கறுத்துப்போகும். கடுக்காயும் இரும்பும் சேர்த்து நம்மவர்கள் மை காய்ச்சிய அதே வேதியியல்தான். இரும்பாவது கண்ணுக்குத் தெரிந்துவிடும். ஈயம் தெரியாது. 18ஆம் நூற்றாண்டில் டெவன் மாவட்டத்தில் சைடர் குடிப்பவர்களுக்குத் தாங்க முடியாத வயிற்றுவலியும் கைகால் விளங்காமையும் வந்தன. சைடரின் புளிப்புதான் காரணம் என்று நெடுநாள் நம்பினார்கள். ஜார்ஜ் பேக்கர் என்ற மருத்துவர், டெவன் பண்ணைகளின் பிழிபொறிகளிலும் கல்தொட்டிகளின் இணைப்புகளிலும் ஈயம் இருப்பதைக் கவனித்து, அங்கத்திய சைடரில் ஈயம் கலந்திருப்பதைச் சோதனை செய்து 1767இல் அறிவித்தார். ஈயம் புழங்காத ஹெரிஃபோர்ட்ஷயரின் சைடரில் அது இல்லை. பேக்கரும் டெவன்காரர்தான். சொந்த ஊரார் நன்றி சொல்லவில்லை, எங்கள் தொழிலைக் கெடுக்க வந்தவன் என்று பாய்ந்தார்கள். ஈயம் நீங்க நீங்க நோயும் நீங்கியது. இன்று எவர்சில்வர், உணவுத்தர பிளாஸ்டிக், மரம், கண்ணாடி ஆகியவற்றைத் தவிர வேறு பாத்திரம் எதுவும் சாற்றைத் தொடக் கூடாது.

சும்மா விடுவதிலும் ஒரு முறை இருக்கிறது

சாறு பீப்பாய்க்குள் போனபின் நொதித்தல் தொடங்குகிறது. பழத்தின்மேலும் பிழிபொறியிலும் இயற்கையாகவே ஈஸ்ட் ஒட்டியிருக்கும். பனையிலிருந்து இறக்கும்போது கலயத்தில் சுண்ணாம்பு தடவாவிட்டால் பதநீர் எதையும் சேர்க்காமலே கள்ளாகிவிடுகிறதல்லவா, அதுபோலத்தான். என்ன வேறுபாடென்றால், கள் சில மணி நேரத்தில் பொங்கும். இது இங்கிலாந்துக் குளிரில் மூன்று மாதம், ஐந்து மாதம் என்று மெல்ல நகரும். அந்த மெதுவில்தான் பழத்தின் மணம் தங்குகிறது.

காட்டு ஈஸ்ட்டை நம்புவதா, பாக்கெட் ஈஸ்ட் வாங்கிப் போடுவதா என்பதில் தொழிலில் இரண்டு கட்சி உண்டு. முதன்முறை செய்பவருக்கு நான் பாக்கெட் ஈஸ்ட்டையே சொல்வேன். கெட்டுப்போன ஒரு பீப்பாய் என்றால் ஓராண்டு உழைப்பு. காட்டு ஈஸ்ட்டுக்கு வழிவிடுபவர்களும் சாற்றின் பி.எச். அளவைப் (அமிலம் குறையக் குறைய ஏறும் எண்) பார்த்துவிட்டே விடுகிறார்கள். அது 3.8க்கு மேலே போனால் கெடுக்கும் கிருமிகளுக்குக் கொண்டாட்டம். துவர்ப்பினிப்புப் பழம் மட்டும் பிழிந்தால் அமிலம் குறைந்து அந்த எல்லையைத் தாண்டிவிடும்; புளிப்புப் பழத்தைக் கலப்பதற்கு ருசியைப் போலவே இதுவும் ஒரு காரணம். சல்பைட்டைச் சிறிதளவு சேர்த்தும் கிருமிகளை அடக்கலாம். சாறு எவ்வளவு புளிப்போ அவ்வளவு குறைவாகச் சல்பைட் போதும்.

இனிப்பு தீர்ந்ததா என்பதை நாக்கை வைத்து முடிவுசெய்யக் கூடாது. ஹைட்ரோமீட்டர் என்ற மிதவைக் கருவி ஒன்று போதும், விலையும் அதிகமில்லை. தண்ணீரில் அது 1.000 காட்டும். புதுச் சாற்றில் சர்க்கரை கரைந்திருப்பதால் 1.050 காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஈஸ்ட் தின்று சர்க்கரை தீரத் தீர எண் இறங்கும். 1.000ஐத் தொட்டால் 50 புள்ளி இறங்கியிருக்கிறது, அதை 0.13ஆல் பெருக்கினால் 6.5, ஏறத்தாழ அதுவே ஆல்கஹால் விழுக்காடு. ஆல்கஹால் தண்ணீரைவிட இலேசானது என்பதால் நன்றாகத் தீர்ந்த சைடர் 0.998 என்றுகூடக் காட்டும். 1.000ஐ ஒட்டியோ அதற்குக் கீழோ இரண்டு மூன்று வாரம் எண் அசையாமல் நின்றால் டிரை.

இந்தக் காலம் முழுவதும் எதிரி காற்று. நொதிக்கும்போது வெளிவரும் கரியமில வாயு மேலே போர்வையாக நிற்கும். அதை வெளியேவிட்டு வெளிக்காற்றை உள்ளே விடாத ஏர்லாக் ஒன்றை மூடியில் பொருத்துவார்கள். பொங்கல் அடங்கியதும் அடிவண்டலை விட்டுவிட்டு, தெளிந்ததை வேறு பீப்பாய்க்குக் குழாய் வழியே மாற்ற வேண்டும். அதை விளிம்புவரை நிரப்ப வேண்டும். பாதி பீப்பாயில் சைடர், மீதியில் காற்று என்று விட்டுவைத்தால் காடியாகிவிடும். காடிக்கும் விலை உண்டு என்று சிலர் ஆறுதல் சொல்வார்கள். ஆறுதல்தான் அது.

இன்னொரு கேடு விசித்திரமானது. ‘எலிவாடை’ என்றே பெயர். முகர்ந்தால் தெரியாது, வாயில் வைத்ததும் தெரியாது. விழுங்கிய சில நொடி கழித்து எலிக்கூண்டின் நாற்றம் தொண்டையிலிருந்து எழும். ஆளுக்கு ஆள் வாயின் அமிலத்தன்மை மாறுவதால் சிலருக்கு அது தெரிவதே இல்லை. செய்பவரே அப்படிப்பட்டவராக இருந்தால் நல்ல சரக்கு என்று நம்பி ஊருக்கெல்லாம் அனுப்பிவிடுவார். ஆகவே விற்குமுன் இன்னும் இரண்டு மூன்று நாக்குகளைக் கடன் வாங்குவது நல்லது.

வசந்தத்தில், தோட்டத்தில் ஆப்பிள் பூக்கும்போது, பீப்பாய்க்குள் இருப்பதும் மீண்டும் அசையும் என்பார்கள் பழையவர்கள். மரத்தோடு அதற்கு உறவு என்று நம்பினார்கள். வெப்பம் ஏறியதும் ஒருவகை பாக்டீரியா விழித்துக்கொண்டு, கூரிய மாலிக் அமிலத்தை மென்மையான லாக்டிக் அமிலமாக மாற்றுகிறது, வாயு வெளிவருகிறது, நடப்பது இவ்வளவுதான். ஆனால் நேரம் பொருந்திவிடுகிறது. இது நடந்து முடியுமுன் புட்டியில் அடைக்காமல் இருப்பவர் புத்திசாலி.

நுரைக்கும் சைடர் வேண்டுமென்றால், முற்றிலும் டிரையாகிய சைடரில் லிட்டருக்குச் சில கிராம் சர்க்கரையை அளந்து சேர்த்து, அழுத்தம் தாங்கும் கனமான புட்டியில் அடைப்பார்கள். மிச்சமிருக்கும் ஈஸ்ட் அதைத் தின்று வாயுவாக்கும். 1660களிலேயே இங்கிலாந்தில் இப்படிச் செய்திருக்கிறார்கள். ஹைட்ரோமீட்டர் பார்க்காமல் அரைகுறை இனிப்போடு அடைத்தால் புட்டி வெடிக்கும். வெடித்த புட்டியின் கண்ணாடி கண்ணைப் பறிக்கும். இது மிகைப்படுத்தல் அல்ல.

அப்படியானால் கடையில் கிடைக்கும் இனிப்புச் சைடர் எப்படி வருகிறது? டிரையாக்கிய பிறகு சர்க்கரை சேர்த்து, சூடாக்கியோ மிக நுண்ணிய வடிகட்டியில் செலுத்தியோ ஈஸ்ட்டை ஒழித்துவிடுகிறார்கள். இல்லையென்றால் ஈஸ்ட் தின்னாத சாக்கரின், சுக்ரலோஸ் போன்றவற்றைச் சேர்க்கிறார்கள். பிரான்சின் நார்மண்டியில் சாற்றின் சத்தை முன்கூட்டியே குறைத்து, ஈஸ்ட்டைப் பட்டினி போட்டு, இயற்கையான இனிப்பை நிறுத்திவைக்கும் அழகான முறை ஒன்று உண்டு. அது கைப்பழக்கம் வேண்டும் வேலை, முதலாண்டில் தொட வேண்டாம்.

ஏழாயிரம் லிட்டர் என்ற கோடு

இனி விற்பனை. சைடர் நெடுங்காலம் சந்தைச் சரக்காக மட்டும் இருக்கவில்லை, கூலியாகவும் இருந்தது. பண்ணையாட்கள் சிறு மரக்குடுவையைத் தோளில் மாட்டிக்கொண்டு வயலுக்குப் போவார்கள். காசோடு சைடரும் அளந்து ஊற்றப்படும். 1887இல் சட்டம் போட்டு அதை நிறுத்தினார்கள். அதற்கும் முன்னே, 1763இல், ஒரு பெரிய பீப்பாய்க்கு நான்கு ஷில்லிங் வரி விதித்தபோது மேற்கு மாவட்டங்கள் கொந்தளித்தன. வரியைவிட, கலால் அதிகாரி வீட்டுக்குள் நுழைந்து சோதனை போடலாம் என்பதுதான் மக்களை எரிச்சலூட்டியது. 1766இல் அதைத் திரும்பப் பெற்றார்கள்.

நீண்ட இடைவெளிக்குப் பின் 1976இல் சைடர்மேல் மீண்டும் வரி வந்தபோது, ஆண்டுக்கு 70 ஹெக்டோலிட்டர், அதாவது 7000 லிட்டர்வரை செய்பவருக்கு விலக்கு அளித்தார்கள். பிரிட்டனின் சிறு சைடர்த் தொழில் இன்றும் உயிரோடு இருப்பதற்கு இந்த ஒரு விலக்கே முதன்மைக் காரணம் என்பது என் எண்ணம். 7000 லிட்டருக்குப் பத்துப் பன்னிரண்டு டன் ஆப்பிள் வேண்டும். கிளாஸ் கணக்கில் சொன்னால் சுமார் 12,300 பைன்ட். ஒரு குடும்பம் விடுமுறை நாட்களில் செய்து முடிக்கக்கூடிய அளவு இது. ஆனால் அதை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்துவது கடினம். கோட்டைத் தாண்டினால் மொத்தச் சரக்குக்கும் வரி என்பதால் பலர் 6900 லிட்டரில் வேண்டுமென்றே நின்றுவிடுவார்கள். 2023 ஆகஸ்டில் மதுவரி முறையை மாற்றியபோது, 8.5 விழுக்காட்டுக்குக் குறைந்த ஆல்கஹால் கொண்ட பானங்களைச் செய்யும் சிறு உற்பத்தியாளர்களுக்கு வரியைக் குறைத்தார்கள். இதனால் அந்தச் செங்குத்துப் பள்ளம் சரிவாக மாறியது.

அதே 8.5 விழுக்காடு இன்னொரு வேலையும் செய்கிறது. அதை எட்டினால் சட்டத்தின் பார்வையில் அது சைடரே அல்ல, வேறு வகை மது. சாற்றின் அளவுக்கு வைத்த கீழ் எல்லையில் சட்டம் காட்டும் தாராளம்தான் வியப்பு: மொத்தத்தில் 35 விழுக்காடு ஆப்பிள் சாறு இருந்தால் போதும், சைடர் என்று பெயர் வைக்கலாம். செறிவூட்டிய சாற்றில் தண்ணீரும் சர்க்கரையும் சேர்த்து ஆண்டு முழுவதும் ஆலையில் செய்யலாம். முழுச் சாற்றில் செய்பவரும் அப்படி ஆலையில் செய்பவரும் ஒரே அலமாரியில் ஒரே பெயரில் நிற்கிறார்கள். ‘முழுச் சாறு’ என்று சிறு உற்பத்தியாளர்கள் புட்டியில் கொட்டை எழுத்தில் போட்டுக்கொள்வது இதனால்தான்.

வரி இல்லை என்பதால் மற்ற விதிகளும் இல்லை என்று பொருளல்ல. உணவுத் தொழிலாக உள்ளாட்சி மன்றத்தில் 28 நாள் முன்னதாகப் பதிவுசெய்ய வேண்டும். புட்டியில் ஆல்கஹால் அளவு, கொள்ளளவு, தயாரித்தவர் முகவரி, தொகுதி எண் வேண்டும். சல்பைட் லிட்டருக்கு 10 மில்லிகிராமைத் தாண்டினால் அதையும் எழுத வேண்டும். பண்ணை வாசலிலேயே விற்க இங்கிலாந்தில் இடத்துக்கு ஓர் உரிமம், பொறுப்பாளருக்கு ஓர் உரிமம் என இரண்டு தேவை. ஒருநாள் சந்தைக்கோ விழாவுக்கோ 21 பவுண்டு கட்டித் தற்காலிக அறிவிப்பு கொடுத்தால் போதும். புதியவர்கள் அங்கிருந்து தொடங்குவதே நல்லது. தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் இருக்கிறது என்பதை, இதைப் படித்துவிட்டுப் பாத்திரம் தேடுபவர்கள் நினைவில் கொள்ளவும்.

மதுக்கூடங்களுக்கு 20 லிட்டர் பையடைத்த பெட்டியில் கொடுப்பது எளிய வழி. சைடர் குறையக் குறையப் பை சுருங்குவதால் காற்று உள்ளே போகாது. ஆனால் அங்கே விலை பீர் விலையோடு போட்டியிட வேண்டும். பீரை வாரக்கணக்கில் செய்து விற்றுப் பணமாக்கலாம். சைடருக்கு ஆண்டுக்கு ஒரே அறுவடை, அக்டோபரில் போட்ட பணம் மறு கோடையில்தான் தலைகாட்டும். ஒயின்போல் 750 மில்லி புட்டியில் அடைத்து, பழத்தின் பெயரும் ஆண்டும் எழுதி, சாப்பாட்டு மேசைக்கு அனுப்புபவர்களுக்கே கொஞ்சம் கட்டுப்படியாகிறது. துவர்ப்பும் புளிப்பும் கொழுப்பை வெட்டும். பன்றி இறைச்சிக்கும், சோமர்செட்டிலேயே பிறந்த செடார் பாலாடைக்கட்டிக்கும் இது நன்றாகப் பொருந்தும். அந்த ஒரு துண்டுக் கட்டியைக் கையில் கொடுத்து, பிறகு கிளாஸைக் கொடுக்கும் விற்பனையாளரைப் பார்த்துக் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. வெறும் வாயில் முதல் மடக்கு குடித்தவர் ‘இனிப்பாக எதுவும் இல்லையா?’ என்று கேட்பார். கட்டியோடு குடித்தவர் அப்படிக் கேட்பது குறைவு.

ஜனவரி 17ஆம் தேதி, பழைய நாட்காட்டிப்படி கிறிஸ்துமஸ் கழிந்த பன்னிரண்டாம் இரவு, சோமர்செட் தோட்டங்களில் ‘வாசெயில்’ நடக்கும். சைடரில் நனைத்த ரொட்டியைக் கிளையில் மாட்டி, வேரில் சைடர் ஊற்றி, பானையையும் தட்டையும் அடித்து, துப்பாக்கி வெடித்து, கெட்ட ஆவிகளை விரட்டி, அடுத்த ஆண்டு நன்றாகக் காய்க்கச் சொல்லி மரத்தை வேண்டுவார்கள். இன்று பல பண்ணைகளில் அதற்கு டிக்கெட் உண்டு. குளிர்காலத்தில் வாடிக்கையாளரைத் தோட்டத்துக்கே வரவழைக்கும் நல்ல வியாபாரம். அன்று கிளாஸில் ஊற்றிக் கொடுப்பது போன ஆண்டுச் சரக்கு. இந்த ஆண்டுடையது கொட்டகைக்குள் இன்னும் குமிழி விட்டுக்கொண்டிருக்கும்.